சிறுவர் பேஸ்பால் கிளப்பும் அதன் பழைய பயிற்சியாளரும்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பேஸ்பால் சொல்லித்தருபவர்களுக்கும், அவர்களை நம்பி கிளப் நடத்துபவர்களுக்கும் இது. அளவுகளும் வரம்புகளும் பெரும்பாலும் லிட்டில் லீக் விதிகளை ஒட்டியவை. 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துப் பையன்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. சிறுவர் உடம்புக்கு ஏற்றபடி ஆட்டத்தைச் சுருக்கியதில் அதற்கு இணையில்லை.

பேஸ்பால் ஆடியதே இல்லை. பயிற்சியாளராக வரலாமா?

தாராளமாக. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஆட்டக்காரரைவிட நேரத்துக்கு வருபவர்தான் முக்கியம். முதல் ஆண்டில் நீங்கள் பழக வேண்டியவை இரண்டு. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குத் தவறாமல் எறிவது ஒன்று. பேட்டால் தட்டி, சொன்ன இடத்துக்குத் தரைப்பந்து அனுப்புவது மற்றொன்று. விதிகளில் முதலில் ஃபோர்ஸ் அவுட்டுக்கும் (ஓட்டக்காரர் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய பேஸை, அதாவது மைதானத்து மூலையை, பந்தோடு மிதித்து அவுட் செய்வது) டேக் அவுட்டுக்கும் (பந்தால் ஓட்டக்காரரையே தொட்டு அவுட் செய்வது) உள்ள வேறுபாடு புரிந்தால் போதும். இன்ஃபீல்ட் ஃபிளை விதியை ஆறு மாதம் கழித்துப் படிக்கலாம்.

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர்கள் இங்கே உண்டு. ஓய்வுபெற்று வந்தவர்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கேட்ச் விட்டதற்கெல்லாம் "மைதானத்தை மூணு சுத்து ஓடு" என்று தண்டனை கொடுக்க வேண்டாம். ஓட்டம் இந்த ஆட்டத்தின் பாதி. அதைத் தண்டனையாக்கினால் பிள்ளை பேஸ் ஓடும்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஓடும்.

எத்தனை ஆண்டு இருப்பதாக நினைத்து வர வேண்டும்?

ஐந்து. ஒரு சீசன் பார்த்துவிட்டுப் போகிறேன் என்பவரை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம்; ஒரு வயதுப் பிரிவை அவர் பொறுப்பில் விடக் கூடாது.

காரணம் இது. 9 வயதில் வரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு முழுக்கப் பிடிப்பதும் எறிவதும்தான். இரண்டாம் ஆண்டில் இடங்கள் புரியும். 11, 12 வயதில் ஆட்டம் உட்காரும். அப்புறம் 12க்கும் 14க்கும் நடுவே திடீரென்று உயரம் ஏறும். கை கால் நீண்டுவிடும், பழைய தாளம் போய்விடும், நேற்றுவரை நேராக எறிந்தவன் இன்று கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரின்) தலைக்கு மேல் எறிவான். அவனை மூன்று ஆண்டாகப் பார்த்தவருக்கு இது வளர்த்தி என்று தெரியும். புதிதாக வந்தவர் "அக்கறை இல்லை" என்று பெஞ்சில் உட்கார வைப்பார், பிள்ளை அதோடு நின்றுவிடும். நல்ல கை உள்ள பிள்ளைகள் பலர் கிளப்பை விட்டுப் போவது இந்த இரண்டு ஆண்டில்தான்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பிட்சிங்கை (பேட்டருக்குப் பந்து எறிவதை) குறைத்து, பத்து மீட்டர் தூரத்தில் மெதுவான எறிதலுக்குத் திரும்புங்கள். அதே வயதில்தான் மைதானமும் பெரிதாகிறது. பிட்சிங் தூரம் 14.02 மீட்டரிலிருந்து 18.44 மீட்டருக்குப் போகிறது. நேராகத் தூக்கிப் போடாமல் இடையில் ஓர் ஆண்டு 15.24 மீட்டர் பிட்சிங், 21.34 மீட்டர் பேஸ் வைத்து ஆடவிட்டால் தோள் பிழைக்கும்.

எங்கள் பள்ளியில் சாஃப்ட்பால் சாமான்தான் இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

தொடங்கலாம். சாஃப்ட்பாலிலும் பேஸ்களுக்கு நடுவே 18.29 மீட்டர், சிறுவர் பேஸ்பாலிலும் அதேதான். போட்டிருக்கும் கட்டம் (பேஸ்கள் மூலையாக அமையும் சதுரம்) இரண்டுக்கும் உதவும், பேஸ்களும் ஹோம் பிளேட்டும் (பேட்டர் நின்று அடிக்கும் மூலையில் உள்ள தட்டு) அப்படியே. மாறுவது பந்து (சாஃப்ட்பால் சுற்றளவு சுமார் 30.5 செ.மீ., பேஸ்பால் சுமார் 23 செ.மீ.), பிட்சர் எறியும் விதம், பிட்சர் நிற்கும் தூரம். சாஃப்ட்பால் பேட்டால் பேஸ்பாலை அடிக்கவிடாதீர்கள். மெல்லிய அலுமினியம் நசுங்கிவிடும்.

கிரிக்கெட் மைதானத்தில் கட்டம் போடுவது எப்படி?

30 மீட்டர் டேப், ஐந்து முளைக்குச்சி, இரண்டு பேர். கயிறு வேண்டாம், நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும்.

முதலில் ஹோம் பிளேட்டின் பின்முனை வரும் இடத்தில் ஒரு முளை. அதற்குப் பின்னால் வலை அல்லது சுவர் வரை குறைந்தது 7.5 மீட்டர் இருக்கட்டும். அந்த முளையிலிருந்து மைதானத்தின் நடுவை நோக்கி 25.86 மீட்டர் அளந்து இரண்டாவது முளை. அதுதான் இரண்டாம் பேஸின் மையம். இப்போது ஹோமிலிருந்து 18.29, இரண்டாம் பேஸிலிருந்து 18.29 என்று இரண்டு அளவும் சந்திக்கும் புள்ளி வலப்பக்கம் முதல் பேஸ், இடப்பக்கம் மூன்றாம் பேஸ். சரிபார்க்க, முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே அளங்கள்: 25.86 வர வேண்டும். ஒரு விரற்கடை முன்பின் இருந்தால் பரவாயில்லை; ஒரு சாண் இருந்தால் மறுபடி அளங்கள்.

முதல், மூன்றாம் பேஸ் மூட்டைகள் முழுதும் கோட்டுக்கு உள்ளே உட்கார வேண்டும். இரண்டாவதன் மையம் மட்டும்தான் முளைமேல் வரும்.

பிட்சர் பிளேட்டில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கட்டத்தின் நடுப்புள்ளியில் வைத்துவிடுவார்கள். நடுப்புள்ளி ஹோமிலிருந்து 12.93 மீட்டர், பிட்சர் பிளேட்டின் முன்விளிம்பு வர வேண்டியது 14.02 மீட்டரில், அதாவது நடுவைத் தாண்டி ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. குறைந்த தூரத்தில் எறிந்து பழகிய பிட்சர் வெளியூர்ப் போட்டியில் பந்தைத் தரையில் குத்துவதற்கு இதுதான் காரணம்.

திசையும் பார்க்க வேண்டும். ஹோமிலிருந்து இரண்டாம் பேஸைப் பார்க்கும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது விதிப்புத்தகம். அது பிற்பகல், மாலை ஆட்டத்துக்கான ஏற்பாடு; சாயும் வெயில் பேட்டரின் முதுகில் விழும். ஆனால் இந்த ஊரில் கோடைப் பயிற்சி காலை ஆறு மணிக்கு. அந்தத் திசையில் போட்டால் உதிக்கும் சூரியன் நேராகப் பேட்டரின் கண்ணில் அடிக்கும், வரும் பந்து தெரியாது. காலையில் மட்டும் ஆடும் கிளப் ஹோமைக் கிழக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளட்டும்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். நீறாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடையில் கிடைக்கும் கல் கோலமாவு போதும். அரிசி மாவு எறும்புக்குத்தான் விருந்து.

பேஸ், ஹோம் பிளேட் எல்லாம் நாமே செய்ய முடியுமா?

ஹோம் பிளேட்டை லாரி டயருக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தட்டியில் வெட்டலாம். பிட்சரைப் பார்க்கும் முன்பக்கம் 43.2 செ.மீ., இரு பக்கமும் 21.6, பின்னால் குவியும் இரண்டு சாய்வும் 30.5. ஓரங்களைச் சீவிச் சரிவாக்குங்கள், சறுக்கி வரும் பிள்ளையின் கால் தட்டாது.

பேஸ் 38 செ.மீ. சதுர கான்வாஸ் பை. உள்ளே மணல் நிரப்பாதீர்கள். ஈரம் இறங்கினால் கல்லாகி, சறுக்கி வரும் கணுக்காலை ஒடிக்கும். தென்னை நார்க்கழிவைத் தளர்வாக அடைத்தால் மிதிக்கும்போது அமுங்கும். இரும்பு முளை அடித்து நிறுத்தவே கூடாது. பேஸ் நகர்ந்தால் நகரட்டும்.

பேட்டிங் டீ (பந்தை நிறுத்திவைத்து அடிக்கும் தாங்கி) செய்ய ஓர் அங்குல பி.வி.சி. குழாய், அதன் தலையில் ஒரு சாண் நீள ரேடியேட்டர் ஹோஸ், அடியில் கனமான பலகை. ஹோஸ் பழைய கார் பணிமனையில் கிடைக்கும். ரப்பர் வளைந்துகொடுப்பதால் பேட் பட்டாலும் உடையாது. வெறும் குழாய்மேல் பந்து வைத்தால் ஒரு வாரம் தாங்காது.

பதினைந்து பிள்ளைகளுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

கிளவ் 15, அதில் இரண்டு இடக்கைப் பிள்ளைகளுக்கானது. 8–10 வயதுக்கு 10 முதல் 11 அங்குலம், 11–13க்கு 11 முதல் 11¾ அங்குலம். பெரிய கிளவ் வாங்கி "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. விரல் நுனி எட்டாத கிளவை மூட முடியாது, பந்து துள்ளி முகத்தில் படும்.

ஹெல்மெட் குறைந்தது 6, இரண்டு காதையும் மூடுவது. அடிப்பவர், அடுத்து வருபவர், மூன்று பேஸிலும் நிற்பவர்கள், ஒன்று உபரி. பேட் 28, 29, 30 அங்குலத்தில் ஒவ்வொன்று. பேட்டை ஒரே கையால் பக்கவாட்டில் நீட்டி 20 நொடி பிடிக்கச் சொல்லுங்கள். கை இறங்கினால் அந்தப் பேட் அந்தப் பிள்ளைக்குக் கனம்.

கேட்சர் சாமானில் சிக்கனம் கூடாது. தொண்டைக் காப்புள்ள முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம், பையன்களுக்கு உள்கப். கிரிக்கெட் விக்கெட் கீப்பர் பேட் போதும் என்று சிலர் சமாளிக்கிறார்கள். நெஞ்சும் தொண்டையும் திறந்து கிடக்கும், போதாது.

பந்து முதல் ஆண்டு முழுக்க ரப்பர் அல்லது மென்மையான பயிற்சிப் பந்து. 142 முதல் 149 கிராம் எடையுள்ள தோல் பந்தை, கிளவில் பத்துக்கு எட்டு முறை பிடிக்கும் பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். மீரட், ஜலந்தர் தயாரிப்புகளே தொடங்கப் போதுமானவை. பேட் மட்டும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கிளவ் நாடா அறுந்துபோகிறது. என்ன செய்வது?

தோல் ஊரில் இருந்துகொண்டு இதற்குக் கவலையா! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எங்கு கேட்டாலும் தோல் நாடா வெட்டித் தருவார்கள். கேட்கும் முறைதான் முக்கியம்: மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், அகலம் 5 மி.மீ., நீளம் 180 செ.மீ., நடுவில் ஒட்டு இல்லாதது. ஆட்டுத்தோல் நாடா பார்க்க அழகாக இருக்கும், இழுத்துக் கட்டும்போதே பிய்ந்துவிடும்.

அறுந்த நாடாவை உருவும் முன் கிளவை நான்கு பக்கமும் செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளை வழியாக எது போனது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். நாடா நுனியைச் சாய்வாக வெட்டி, மெல்லிய கம்பியை ஊசிபோல் மடித்துக் கோர்த்து இழுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் இன்னும் சீக்கிரம்.

நனைந்த கிளவை வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். துடைத்து, உள்ளே ஒரு பந்து வைத்து, நிழலில் வையுங்கள். தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைப்பது இங்கே பரவலான கெட்ட பழக்கம். தோல் கனத்து, தொளதொளத்து, தையல் மக்கும். மாதம் ஒருமுறை துணியில் தொட்டுத் தடவினால் போதும்.

கிரிக்கெட் ஆடி வந்த பிள்ளைகளை மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

எல்லாப் பிள்ளையும் கிரிக்கெட் ஆடித்தான் வரும். அது நல்லதும்தான், பந்தைக் கண்டு பயம் இருக்காது. ஆனால் சில பழக்கங்களை வரிசையாக அவிழ்க்க வேண்டும்.

முதல் பழக்கம், பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அடித்ததும் பேட்டைக் கீழே விட வேண்டும், வீசி எறியக் கூடாது. வீசினால் கேட்சரின் முட்டியில் விழும். பேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் டயரைப் போட்டு, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பேட்டை அதற்குள் வைத்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

இரண்டாவது, அடித்துவிட்டு நின்று பார்ப்பது. கிரிக்கெட்டில் ஓடலாமா என்று யோசிக்கலாம். இங்கே பந்து கோட்டுக்கு உள்ளே போனால் ஓடியே ஆக வேண்டும். முதல் பேஸை மட்டும் வேகம் குறைக்காமல் மிதித்துத் தாண்டி ஓடலாம். இரண்டிலும் மூன்றிலும் தாண்டினால் தொட்டு அவுட் செய்வார்கள். இந்த வேறுபாட்டை வாயால் சொல்லிப் பயனில்லை; நான்கு பேரை ஓடவிட்டு நடக்கவைத்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, வலக்கைப் பிள்ளை கிளவை வலக்கையில் மாட்டிக்கொள்வது. எறியும் கைக்கு எதிர்க் கையில்தான் கிளவ். முதல் நாள் எல்லோரையும் ஒரு கல்லை எறியச் சொல்லி, எந்தக் கையில் எறிகிறார்கள் என்று பார்த்து, மற்றக் கையில் மாட்டிவிடுங்கள். கேட்டால் தப்பாகச் சொல்வார்கள்.

பிறகு எறிதல். பௌலிங் போட்ட பிள்ளை முழங்கையை மடக்கப் பயப்படும், ஃபீல்டிங் செய்த பிள்ளை பக்கவாட்டில் வீசும். பந்தின் தையல் குதிரை லாடம்போல் வளையும் இடத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குறுக்கே படிய, கட்டைவிரல் அடியில். இலக்குக்குப் பக்கவாட்டில் தோளைத் திருப்பி நின்று, முழங்கை தோள் உயரத்துக்கு வர, முன்காலை இலக்கை நோக்கி எடுத்து வைத்து எறிய வேண்டும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முட்டி போட்டு உட்கார்ந்து ஐந்து மீட்டரில் 20 எறிதல், நின்று பத்து மீட்டரில் 20, அப்புறம் காலடி வைத்து 15 மீட்டரில் 20. இந்த வரிசையை முதல் ஆறு மாதம் மாற்ற வேண்டாம்.

அடிப்பதில் பேட்டை நேராகக் கீழே கொண்டுவரும் பழக்கம் தானாகப் போகாது. டீயில் இடுப்பு உயரத்தில் பந்து வைத்து ஒரு நாளைக்கு 30 அடி. இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், அதைத் தொடர்ந்து கை வர வேண்டும்.  

ஒரு பிட்சர் எத்தனை பந்து எறியலாம்?

ஒரு நாளைக்கு 7–8 வயதுக்கு 50, 9–10க்கு 75, 11–12க்கு 85, 13–16க்கு 95. இது உச்ச வரம்பு. இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வு இதைவிட முக்கியம். 14 வயது வரை: 20 பந்துக்குள் என்றால் ஓய்வு நாள் தேவையில்லை, 21–35க்கு ஒரு நாள், 36–50க்கு இரண்டு, 51–65க்கு மூன்று, 66க்கு மேல் நான்கு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பிட்சரை அன்றைக்குக் கேட்சராக நிறுத்தக் கூடாது, கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் அல்லவா. லிட்டில் லீக் 2007இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுப் பந்து எண்ணிக்கைக்கு மாறியது.

ஏன் இந்தக் கெடுபிடி? வளரும் பிள்ளையின் முழங்கை உட்பக்கத்தில் எலும்பு இன்னும் முழுசாக ஒட்டாத வளர்ச்சித் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு எறிதலும் அதை இழுக்கிறது. ஓய்வில்லாமல் இழுத்தால் வீங்கும், பிளக்கும். முழங்கையின் உட்பக்கம் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா, கையை முழுதாக நீட்ட முடிகிறதா என்று ஆட்டத்துக்கு மறுநாள் பாருங்கள். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தைலம் தேய்த்து ஆடவிடுவது மன்னிக்க முடியாத தவறு. வளைவுப் பந்து 14 வயதுக்குமுன் வேண்டாம்.

இங்கே கூடுதலாக ஒரு சிக்கல். சனிக்கிழமை பேஸ்பாலில் 60 பந்து எறிந்த பையன் ஞாயிற்றுக்கிழமை தெரு கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுவான். தோளுக்கு இரண்டும் ஒன்றுதான். வாராவாரம் கேட்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

வெயில் காலத்தில் எப்படி நடத்துவது?

ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை காலை 6 முதல் 7:30. ஏழரைக்கு மேல் ஐந்து நிமிடம்கூட நீட்ட வேண்டாம். மாலைப் பயிற்சி இந்த மாதங்களில் ஐந்தரைக்கு முன் கூடாது. தரை அப்போதும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கண் அளவில் அள்ளிப் போடாதீர்கள், கூடினால் கெடுதல். மோரும் நல்லது. கேட்சரின் கவசத்தை ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் கழற்றச் சொல்லுங்கள், முதலில் துவண்டு விழுவது கேட்சர்தான். பிள்ளை தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடி வரும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். கடைசிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப. மரத்தடி ஒதுங்கும் இடமல்ல.

அதிகம் நடக்கும் காயம் எது?

தரைப்பந்து கல்லில் பட்டு எகிறி வாயிலோ கண்ணிலோ படுவது. சரளை மைதானத்தில் பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையாக நடந்து கல் பொறுக்குவது ஐந்து நிமிட வேலை. மைதானத்தின் ஓரத்தில் சீமைக் கருவேலம் இருந்தால் முள்ளும் பொறுக்குங்கள். பல் முழுதாக விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மறுபடி ஆடக் கூடாது, "ஒன்னும் இல்ல சார்" என்றாலும்.

பயிற்சியாளருக்கே தோள் வலி. விட்டுவிடலாமா?

எறிவதை விடுங்கள், பயிற்சியை விட வேண்டாம். பத்து ஆண்டு தொடர்ந்து செய்பவர்களைத் தேய்ப்பது பேட்டிங் பயிற்சிக்குப் பந்து போடுவதுதான். மாலைக்கு 150, 200 எறிதல், அதுவும் உடம்பைச் சூடேற்றாமல். பிள்ளைக்கு எண்ணிக்கை வைத்தவர் தனக்கு வைப்பதில்லை.

மாற்று வழி இருக்கிறது. பேட்டருக்கு முன்னால் ஐந்து மீட்டரில் உட்கார்ந்து, பாதுகாப்பு வலைக்குப் பின்னாலிருந்து கீழ்க்கையால் பந்து போடுங்கள். வலைச் சட்டம் 2.1 மீட்டர் சதுரம், ஒரு மேல்மூலை வெட்டப்பட்டு ‘ட’ வடிவில் இருக்கும்; ஜி.ஐ. குழாயில் வெல்டிங் பட்டறையில் செய்யலாம். வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஒரே மடிப்பில் ஒரு கண் அறுந்தால் பந்து நேராக முகத்துக்கு வரும்.

பெற்றோர் "இதனால் என்ன பயன்" என்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீடு பற்றிச் சொல்லலாமா?

தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் உண்டு. ஆனால் எந்த விளையாட்டு, எந்த நிலைப் போட்டி, எந்தச் சான்றிதழ் செல்லும் என்பது அந்தந்த அறிவிப்பைப் பொறுத்தது. அறிவிப்பைப் படிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையை டிசம்பரிலிருந்து வாரம் ஒரு நாள் மட்டும் வரச் சொல்லுங்கள். "வராதே" என்றால் தேர்வு முடிந்த பிறகும் வராது.

ஒரு பிள்ளையைக்கூட பெஞ்சிலேயே வைக்கக் கூடாதா?

கூடாது. ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்குக் குறைந்தது ஆறு அவுட் ஆகும்வரை ஃபீல்டிங், ஒரு முறையாவது பேட்டிங். பயிற்சியாளரின் சொந்தப் பிள்ளை அணியில் இருந்தால் அதன் இடத்தை உதவியாளர் முடிவு செய்யட்டும்.

பணம், பதிவு, அனுமதி?

ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. பயிற்சியாளர் கையில் ரொக்கம் போகக் கூடாது. அவர் நாணயமானவர் என்பதால்தான் இது, சந்தேகம் அவர்மேல் விழக் கூடாதல்லவா. பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடமும், நேதாஜி விளையாட்டரங்கம் போன்ற அரசு மைதானத்துக்கு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இத்தனை ஆண்டு தெரிந்தவர். அவருக்கும் பாதுகாப்பு விதிகள் வேண்டுமா?

வேண்டும், அவருக்குத்தான் முதலில். எல்லோரும் நம்பும் ஒருவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதே ஆபத்து. எந்தப் பயிற்சியிலும் வெளியூர்ப் பயணத்திலும் இரண்டு பெரியவர்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் பெண். பிள்ளைக்குத் தனியாகச் செல்லில் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான். சந்தேகம் எழுந்தால் கிளப்புக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

பதினைந்து ஆண்டாக ஒருவரே நடத்துகிறார். அவருக்கு என்ன மரியாதை செய்யலாம்?

பொன்னாடை போர்த்துவார்கள், அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறையப் பொன்னாடை இருக்கும். அந்தப் பணத்தில் பயிற்சிப் பந்து இரண்டு டஜன் வாங்கிக் கொடுங்கள், முகம் மலரும். அதைவிட நல்லது, காலை ஐந்தரைக்கு வந்து கட்டம் போட ஒரு ஆள்.

அவர் திடீரென்று வர முடியாமல் போனால்?

பெரும்பாலான கிளப் அந்த மாதமே படுத்துவிடுகிறது. சாமான் அறைச் சாவி அவரிடம், பெற்றோர் எண்கள் அவர் செல்லில், எந்தப் பிள்ளைக்கு முழங்கை வலி என்பது அவர் மனதில். அவருடைய உழைப்பே கிளப்பின் பலவீனம் ஆகிவிட்டது என்பது கசப்பான உண்மை.

கைமாற்றத்துக்கு ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் புதியவர் கூடவே நின்று பார்க்கட்டும். அடுத்த மூன்று மாதம் சூடேற்றலும் தரைப்பந்தும் புதியவர் பொறுப்பு. அதற்கடுத்த மூன்று மாதம் அணித் தேர்வை இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே பழையவர் ஏன் என்று சொல்ல வேண்டும், அவரது அனுபவம் வெளியே வருவது அப்போதுதான். கடைசி மூன்று மாதம் புதியவர் நடத்த, பழையவர் வாரம் ஒரு நாள் மட்டும் வந்து பேசாமல் உட்காரட்டும். பேசாமல் உட்காருவதுதான் அவருக்குக் கஷ்டம். ஸ்கோர் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 6, இடது, நடு, வலது ஃபீல்டு 7, 8, 9 என்று எண்ணிட்டு, ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்த அவுட்டை 6-3 என எழுத வேண்டும். ஒவ்வொரு பந்தையும் பார்த்தாக வேண்டிய வேலை என்பதால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கைமாற வேண்டியவை: சாவி இரண்டு செட், உயர நோட்டு, பந்து எண்ணிக்கை நோட்டு, பிறப்புச் சான்றிதழ் நகல் கோப்பு, மைதான அனுமதிக் கடிதம், நாடா வெட்டித் தருபவரின் கடை எங்கே என்ற தகவல்.